வலையங்குளத்து மல்லித் தோட்டத்துக்கு எந்த டார்ச்?

மாமா போனில் கேட்டது ஒரே வரிதான். "மாப்ளே, நல்ல பேட்டரி லைட்டா ஒண்ணு பாத்துச் சொல்லு. இந்த வருசத்துல இதோட நாலு போச்சு."

நாலும் டவுன்ஹால் ரோட்டில் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு வாங்கியவை. ஒன்றின் சுவிட்ச் உள்ளே போய்விட்டது. ஒன்று வாய்க்காலில் விழுந்தது, எடுத்த பிறகு எரியவே இல்லை. மூன்றாவது சார்ஜ் ஏறிவிட்டதாகப் பச்சை காட்டும், பத்து நிமிடத்தில் மங்கிவிடும். நாலாவதை மாமா கோபத்தில் கிணற்றுமேட்டில் விட்டெறிந்ததாகக் கேள்வி. அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு டார்ச் பைத்தியம் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கடையில் தொங்குவதை வாங்காமல், எந்த எல்இடி, எந்த லென்ஸ், உடம்பு எந்த உலோகம், எந்த செல், எந்த சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்து வாங்கும் ரகம் ஒன்று இருக்கிறது. எமிசார், கான்வாய் மாதிரி கம்பெனிப் பெயர்கள் இந்த வட்டாரத்தில் அடிபடும். ஆர்டர் படிவத்தில் கேட்கும் கேள்விகளை எண்ணினேன்: பதினொன்று. தபால் செலவு, சுங்கவரி எல்லாம் சேர்த்தால் மாமா வாங்கிய டார்ச்சைப்போல பத்து, பதினைந்து மடங்கு ஆகும். தப்பாக ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் திருப்பி அனுப்பவும் முடியாது. அதனால்தான் இத்தனை யோசனை.

முதலில் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வலையங்குளம் அருப்புக்கோட்டை ரோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் மல்லிகைதான் பிழைப்பு. மொட்டு விரியும் முன்பே பறித்து, வெயில் ஏறும் முன்பே மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். சீசன் நாட்களில் மூன்று மணிக்கே தோட்டத்தில் ஆள் இறங்கிவிடும். அதுபோக, மும்முனை கரண்ட் ராத்திரியில் எப்போது வருகிறதோ அப்போது எழுந்து மோட்டார் போடப் போக வேண்டும். வரப்பில் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. ஆக, அரை முழத் தூரத்தில் மொட்டைப் பார்ப்பது, பத்தடிக்கு முன்னால் தரையைப் பார்ப்பது, எப்போதாவது வாய்க்கால் கடைசி வரை பார்ப்பது. மூன்றும் மூன்று விதமான வெளிச்சம்.

எல்இடி: லூமனைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

சித்திரை மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கேயே படுத்துவிட்டு, மூன்று மணிக்கு மாமா, அத்தையோடு தோட்டத்துக்குப் போனேன். கையில் மூன்று லைட். ஒன்று மாமாவின் பழைய கடை லைட், வீட்டில் உயிர் இருந்த கடைசி ஒன்று. இரண்டாவது, என்னிடம் இருக்கும் தூரப்பாய்ச்சல் டார்ச். அதில் எஸ்எஃப்டி-40 என்ற எல்இடி, நீலம் பூசிய வெள்ளை. மூன்றாவது, நிச்சியா கம்பெனியின் 519ஏ எல்இடி நாலு வைத்த குட்டி டார்ச், நிறம் 4500 கெல்வின் (இந்த எண் குறைந்தால் மஞ்சள் தூக்கும், கூடினால் நீலம்).

அத்தை செடியிலிருந்து இரண்டு மொட்டைப் பறித்து உள்ளங்கையில் வைத்தார். கடை லைட்டில் இரண்டும் ஒன்றுபோல, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தூரப்பாய்ச்சலில் கண் கூசியதுதான் மிச்சம், மொட்டு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. 519ஏ-யைப் போட்டதும் அத்தை, "இந்தா, இது புழு" என்று ஒரு மொட்டைத் தனியாக எடுத்தார். அதன் காம்புப் பக்கம் லேசாக ஊதா ஏறியிருந்தது. புழு விழுந்த மொட்டு அப்படித்தான் நிறம் மாறிப் பிறகு காய்ந்து போகும். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூதான், ஆனால் ஊதா ஏறிய மொட்டு கூடையில் நாலு கண்ணில் பட்டால் சந்தையில் விலையில் கைவைத்துவிடுவார்கள். இதுவரை அதை விடிந்த பிறகுதான் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்றால், வெள்ளை எல்இடி என்பது அடியில் நீல எல்இடி, அதன்மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவாக அதிக லூமன் (டார்ச் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) எடுக்க வேண்டுமென்றால் சிவப்பைக் குறைத்துவிடுவார்கள், ஏனென்றால் அடர்சிவப்பு ஒளிக்கு நம் கண் அவ்வளவு உணர்வு காட்டாது, லூமன் கணக்கிலும் அது ஏறாது. சிவப்பு குறைந்தால் ஊதா, பழுப்பு, மாநிறம் எல்லாம் சாம்பலாகிவிடும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று 100-க்கு மதிப்பெண் உண்டு. சாதாரண டார்ச் 70 வாங்கும். 519ஏ 90-க்கு மேல். இதிலும் ஒரு சூது இருக்கிறது. அந்த மதிப்பெண் எட்டு வெளிர்நிறங்களை வைத்துக் கணக்கிடுவது. அடர்சிவப்புக்கான ஆர்9 அந்த எட்டில் சேராது. சிஆர்ஐ 80 என்று பெருமையாகப் போட்டிருக்கும் எல்இடியில் ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஆகவே படிவத்தில் சிஆர்ஐ-யோடு ஆர்9-ம் பாருங்கள்.

இதற்கு விலை உண்டு. அதே கரண்டில் 519ஏ கொடுக்கும் வெளிச்சம் குறைந்த சிஆர்ஐ எல்இடியைவிடக் கணிசமாகக் கம்மி. ஆனால் நம் கண் வெளிச்சத்தை நேர்க்கணக்காக உணர்வதில்லை. இரண்டு மடங்கு பிரகாசம் என்று தோன்ற ஏறக்குறைய நாலு மடங்கு ஒளி வேண்டும். நூற்றுக்கு முப்பது லூமன் போனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஊதா தெரியாமல் போனால் கூடையில் தெரியும்.

லூமினஸ் நிறுவனத்தின் எஸ்எஸ்டி-20-இல் 4000 கெல்வின், 95 சிஆர்ஐ ரகம் ஒன்று இருக்கிறது. சிவப்பு அருமையாக வரும், கொஞ்சம் தூரமும் போகும். ஆனால் அடிமட்ட வெளிச்சத்தில் பச்சை அடிக்கும் என்ற குறை பலர் சொல்வது, எனக்கும் அப்படித்தான் பட்டது. மல்லிகை மொட்டே இளம்பச்சைக் காம்பில் இருக்கும் பொருள், அதில் இன்னும் பச்சை எதற்கு? ஆஸ்ராமின் தட்டை எல்இடிகளும் பட்டியலில் இருந்தன. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலிருந்து ஊசிபோல ஒளி போகும். மலை உச்சியைத் தொடலாம். மொட்டுக்கு அது ஆகாது.

நிறவெப்பம் எவ்வளவு என்ற கட்டத்தில் 2700-இலிருந்து 6500 வரை வரிசையாக இருக்கும். 6500 நீலவெள்ளை, கடை லைட்டின் நிறம். பூச்சி மொய்ப்பதும் நீலம் தூக்கலான வெளிச்சத்தில்தான் அதிகம். 2700 பழைய குண்டு பல்பு. கண்ணுக்குச் சுகம்தான், ஆனால் வெள்ளை மொட்டு அதில் பழுத்த மாதிரி தெரியும், விரியத் தொடங்கிய மொட்டா இல்லையா என்று குழப்பும். 4500-க்கு நான் டிக் போட்டேன். 4000 எடுத்தாலும் குறையில்லை, 5700-க்குப் போக வேண்டாம்.

லென்ஸ்: தூரமா, பரப்பா

மாமாவுக்குத் தூரம்தான் பிடிக்கும். டார்ச் என்றால் அங்கிட்டு நிற்கிற பனைமரத்தின் கொண்டையைத் தொட வேண்டும், அப்போதுதான் அது டார்ச். என் தூரப்பாய்ச்சலை வாங்கிப் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட் சுவரில் அடித்துப் பார்த்து, "இது நல்லாருக்கே" என்று ஐந்து நிமிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

தூரத்தின் கணக்கு எளிது. ஒரு திசையில் ஒளி எவ்வளவு தீவிரமாகப் போகிறது என்பதற்குக் கேண்டெலா என்று அளவு. அதற்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் அத்தனை மீட்டர். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமென்றால் 20,000 போதாது, 40,000 வேண்டும். அந்தக் கடைசி மீட்டரில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ்தான், ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. ஆகவே பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியைத்தான் நம்பி நடக்கலாம்.

மாமாவின் தோட்டம் முழுக்க நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். வாய்க்கால் கடைசி இன்னும் கிட்டே. அப்படியானால் 10,000 கேண்டெலா தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் நடுவில் கண்கூசும் பொட்டும், சுற்றிலும் கும்மிருட்டும் வரும். காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தோட்டத்தில் காலடிதான் முக்கியம்.

இங்கே ஒரு விஷயம், பல வருடம் டார்ச் வைத்திருப்பவர்களுக்கே பிடிபடாதது. நெற்றியில் கட்டும் லைட் வசதிதான், இரண்டு கையும் ஓய்வு. ஆனால் வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால், பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். நமக்கு நிழல் தெரியாது. தரை சப்பையாக, ஒரு படத்தைப் பார்க்கிற மாதிரி தெரியும். அதே லைட்டை இடுப்பு உயரத்தில் பிடித்து முன்னால் அடித்தால் ஒவ்வொரு மண்ணாங்கட்டிக்கும் நீளமாக நிழல் விழும். சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும் விரியனுக்கும் விழும். வரப்பில் நடக்கும்போது கையில், செடியருகே நின்றபின் நெற்றியில். இதை அத்தையிடம் சொன்னபோது, "அரிக்கேன் லைட்டக் கீழ புடிச்சுத்தான எங்கம்மா நடக்கும்" என்றார். எனக்கு இது விளங்கியதோ மாங்குளத்தில்.

மாங்குளம் மீனாட்சிபுரம் மலையில் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சீவல் கண்டெடுத்தவை, நெடுஞ்செழியன் பெயர் வருவது. போன வருடம் ஏறிப் போனபோது டார்ச்சை நேராக அடித்துப் பார்த்தேன், வெறும் பாறை. பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்ததும் எழுத்து பள்ளம் பள்ளமாக எழும்பி வந்தது. அங்கேயும் தூரப்பாய்ச்சல் உதவவில்லை. அதன் பொட்டு ஒரு எழுத்தில் மட்டும் விழுந்தது, பரப்பு லென்ஸ்தான் வரி முழுக்கக் காட்டியது.

லென்ஸில் இரண்டு குடும்பம். கிண்ணம் மாதிரி ரிஃப்ளெக்டர், அல்லது பிளாஸ்டிக் வார்ப்பான டிஐஆர் லென்ஸ். ரிஃப்ளெக்டரில் நடுப்பொட்டும் சுற்றி ஒரு வளையமும் தனித்தனியாகத் தெரியும். பனி பூத்த மாதிரி மங்கலாக்கிய டிஐஆர் லென்ஸில் நடுவிலிருந்து ஓரம் வரை வழுக்கிக்கொண்டு குறையும். கிட்டே பார்க்கும் வேலைக்கு இதுதான். இதில் தப்பு நடந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. மூக்கு வளையத்தைத் திருகிக் கழற்றி லென்ஸை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதுவும் வேண்டாமென்றால் ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் மங்கல் ஸ்டிக்கரில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி உள்ளே வைக்கலாம்.

உடம்பு: செம்பா, பித்தளையா, அலுமினியமா

ஆசை எங்கே இழுக்கும் என்றால் இங்கேதான். செம்பு உடம்பு பளபளவென்று படத்தில் பார்த்தால் கோயில் குத்துவிளக்கு மாதிரி இருக்கும். டைட்டானியம் என்ற பெயருக்கே ஒரு மவுசு.

வெப்பம் கடத்தும் கணக்கைப் பார்ப்போம். வாட்டில், ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு, செம்பு ஏறக்குறைய 390, டார்ச்சுக்குப் பயன்படும் 6061 அலுமினியக் கலவை 165 சுற்றி, பித்தளை 115 சுற்றி, டைட்டானியக் கலவை வெறும் 7. டைட்டானியம் டார்ச்சில் எல்இடியின் சூடு தலையிலேயே நின்றுவிடும், கைப்பிடி ஜில்லென்று இருக்கும். கைக்குச் சுகம், எல்இடிக்குத் தலைவலி.

செம்பு வாங்கலாமே? எடை. அலுமினியத்தைப்போல மூன்றேகால் மடங்கு கனம். மூன்று மணி நேரம் நெற்றியில் அதைக் கட்டி நிற்கச் சொன்னால் அத்தை என்னைத்தான் பேசுவார். தவிர, வியர்வைக் கை பட்டுப் பட்டுக் கறுக்கும். ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் புளி போட்டுத் தேய்க்க இது என்ன பூஜைச் செம்பா?

நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு, குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் விவரத்தில் அது வராது. நல்ல டார்ச்சுகளில் உள்ளே ஒரு வெப்ப உணரி இருக்கும், உடம்பு 50 டிகிரியைத் தொட்டதும் வெளிச்சத்தைத் தானே குறைக்கும். வெளிக்காற்று 10 டிகிரி உள்ள ஊரில் உடம்புக்கும் காற்றுக்கும் 40 டிகிரி வித்தியாசம். சித்திரை ராத்திரி நம் பக்கம் 30 டிகிரி என்றால் வித்தியாசம் 20தான். சூடு வெளியேறும் வேகம் கிட்டத்தட்ட இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அவர்களுக்குத் தொடர்ந்து நிற்கும் வெளிச்சத்தில் நமக்குப் பாதிதான் நிற்கும். பெட்டியில் 4000 லூமன் என்று போட்ட குட்டி டார்ச் இங்கே அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் இறங்கிச் சில நூறில் வந்து உட்காரும். அந்த 4000 மாப்பிள்ளை அழைப்பு வாணவேடிக்கை மாதிரி, பார்த்துக் கைதட்டலாம்.

அதனால் அலுமினியம். தலைப்பக்கம் வரிவரியாக நிறைய துடுப்பு வெட்டியது. வேறு பேச்சே இல்லை.

செல்

18650, 21700. பெயரிலேயே அளவு இருக்கிறது: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். 21 குறுக்களவு, 70 நீளம். கடைசிப் பூஜ்யம் உருளை என்பதைக் குறிப்பது. நல்ல 18650-இல் 3500 மில்லி ஆம்பியர் மணி சுற்றி இருக்கும், 21700-இல் பெரும்பாலும் 5000. 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணியும் 18 வாட் மணியும். 300 லூமனுக்கு ஏறக்குறைய 3 வாட் செலவு என்று வைத்தால், முதலாவது நாலு மணி நேரம், இரண்டாவது ஆறு. எடை முறையே 48 கிராம், 70 கிராம் சுமாருக்கு. கைக்கு 21700, நெற்றிக்கு 18650.

கடைகளில் 9900 என்று அச்சடித்த 18650 தொங்கும். அந்த உருளைக்குள் அத்தனை மின்சாரத்தை அடைக்க இன்னும் யாருக்கும் தெரியாது. பழைய லேப்டாப் செல்லுக்குப் புதுச் சட்டை போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். என்னிடம் இருந்த அப்படி ஒன்றை அளந்தேன், 1100 வந்தது. லித்தியம் செல்லைத் தனியாகத் தபாலில் வரவழைப்பது தொல்லை. டார்ச் வெறுமனே வரும், செல்லை இங்கேயே நம்பகமான ஆளிடம், பெயர் உள்ள கம்பெனியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

சார்ஜ் எப்படி என்பதில் எனக்கும் அத்தைக்கும் சண்டை. எனக்குத் தனி சார்ஜர்தான் பிடிக்கும். டார்ச்சில் ஓட்டை இல்லை, தண்ணீர் போகாது. ஆனால் செல்லைக் கழற்றி மாட்டும்போது தலைகீழாகப் போடலாம், கழற்றிய செல்லை சாவிக்கொத்தோடு சுருக்குப்பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அத்தை சுருக்குப்பைக்காரர். அவருக்கு யுஎஸ்பி-சி, போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். ரப்பர் மூடியைச் சரியாக அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வெயிலில் நிற்கும் வண்டி டேங்க் கவரில் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது என்றும். செல் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது, மே மாத மத்தியானத்தில் அந்தக் கவருக்குள் அதைவிட அதிகம்.

டிரைவர், சுவிட்ச்

எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பேர். மலிவான வழி, செல்லை எல்இடியோடு கிட்டத்தட்ட நேராக இணைத்து, சட்சட்டென்று வெட்டி வெட்டி மங்க வைப்பது. உச்சத்தில் வானத்தையே வெள்ளையடிக்கும், செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். வெட்டுவது மெதுவாக இருந்தால் விரலை முன்னால் ஆட்டிப் பார்த்தால் விரல் பத்தாகத் தெரியும். மூன்று மணி நேரம் அதில் மொட்டுப் பறித்தால் கண் வலிக்கும். சீரான கரண்ட் கொடுக்கும் டிரைவரில் உச்சம் குறைவு, ஆனால் தொடக்கத்தில் இருந்த வெளிச்சம் செல் தீரும் வரை ஏறக்குறைய அப்படியே நிற்கும். தோட்டத்துக்கு இது. கூடக் கேட்ட காசைக் கொடுத்தேன்.

மென்பொருளில் ஆண்டுரில் என்று ஒன்று. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவு திறந்தது. ஒரே பொத்தானில் அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல ஏறும், இரண்டு தட்டு, மூன்று தட்டு, நாலு தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. மெழுகுவர்த்தி மாதிரி ஆடும், மின்னல் மாதிரி வெட்டும். எனக்கு உயிர். மாமா கையில் கொடுத்தபோது எதையோ மூன்று தடவை தட்டிவிட்டு, "என்ன மாப்ளே, லைட்டு கரகாட்டம் ஆடுது" என்றார். எளிய முறை என்று ஒன்று அதிலேயே இருக்கிறது. அதில் போட்டுவிட்டால் பத்து தட்டுத் தட்டிக் கடைசியில் பிடித்தால்தான் வெளியே வரும். மாமா பத்து வரை தட்டும் பொறுமைக்காரர் இல்லை.

பக்கவாட்டுப் பொத்தானா, பின்னால் டிக்கென்று அழுந்தும் பழைய சுவிட்சா என்பதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம். ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது பைக்குள் பக்கவாட்டுப் பொத்தான் தானாக அழுந்தியிருக்கிறது. கருகல் வாடை வந்து, பக்கத்து சீட்டுக்காரர் பஸ் இன்ஜின் என்று சொல்லி, கடைசியில் என் பையைத் திறந்தால் கறுப்புத் துண்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் சுருண்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து பைக்குள் போவதற்கு முன் பின்மூடியைக் கால் திருகு தளர்த்திவிடுவேன், இணைப்பு அறுந்துவிடும். மாமா அதையெல்லாம் செய்ய மாட்டார். அவருக்குப் பின்சுவிட்ச். சேற்றுக் கையோடு அமுக்கினாலும் டிக்கென்று கேட்கும். நெற்றி லைட் பைக்குள் போகப் போவதில்லை, அதற்குப் பக்கப் பொத்தான் பரவாயில்லை.

மற்றவை

பின்மூடியில் காந்தம்: ஆமாம். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பு. ஃபியூஸ் போனால் மாமா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை பார்ப்பவர். இனி பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கலாம். மண்ணில் வைத்தால் இரும்புத்தூள் மீசை முளைக்கும், துடைத்துக்கொள்ளலாம்.

அணைத்திருக்கும்போதும் மினுக்கும் குட்டி எல்இடி: நெற்றி லைட்டுக்கு வேண்டும், இருட்டில் எங்கே வைத்தோம் என்று தெரியும். சிலர் இதற்கு டிரிட்டியம் குழாய் பதிப்பார்கள். பேட்டரி இல்லாமலே ஒளிரும், 12 வருடம் சொச்சத்தில் ஒளி பாதியாகும். கதிரியக்கப் பொருள் என்பதால் அந்த வழிக்கே போகவில்லை.

தண்ணீர்: ஐபிஎக்ஸ்8, அதாவது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் தரம். மூடி இடுக்கில் இருக்கும் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) சிலிகோன் கிரீஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தடவினால் வாய்க்கால் ஒன்றும் செய்யாது. கிளிப், கயிறு, தோல் உறை எல்லாம் வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

கடைசியில் எதற்கு டிக்

நான் மாமாவுக்கு ஒரு டார்ச் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த ராத்திரி போனேன். மாமா மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை இருட்டில் நின்றது அத்தைதான். மாமா கொடுத்துவிட்ட பழைய லைட்டைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில், போன் பேசுகிற மாதிரி இடுக்கிக்கொண்டு பறித்தார். நடுநடுவே அது நழுவிக் கூடைக்குள் விழும், எடுத்துத் துடைத்து மறுபடி இடுக்குவார். அப்போதுதான் கேட்டேன், இந்த நாலு டார்ச்சும் யார் கையில் உடைந்தது என்று. மாமா புகையை ஊதிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார்.

ஆகவே ஒன்று இரண்டானது. அத்தைக்கு எல் வடிவத் தலையுள்ள 18650 லைட், நெற்றிப்பட்டை வைத்தது. 519ஏ, 4500, மங்கல் டிஐஆர், சீரான கரண்ட் டிரைவர், யுஎஸ்பி-சி. இதில் அவர் 50 லூமனுக்கு மேல் போக வேண்டியிருக்காது, ஒரு சார்ஜில் ஏழெட்டு விடியல் ஓடும். மாமாவுக்கு ஒற்றை எல்இடி 21700 டார்ச், ரிஃப்ளெக்டர் வழவழப்பு இல்லாமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு போட்டது, 10,000 கேண்டெலா பக்கம், பின்சுவிட்ச், காந்தம். எல்இடி அவருக்கும் 519ஏ-தான். பனைமரக் கொண்டை தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "பரவால்ல மாப்ளே, பனமரம் எங்கயும் போகாது" என்றார்.

மிச்சம் ஒரே கட்டம், அத்தை லைட்டின் நிறம். கறுப்பு, சாம்பல், நீலம், பச்சை, மஞ்சள் இருக்கிறது. நேற்று போன் போட்டுக் கேட்டேன். "பூ ஏத்திவிட்டுட்டுச் சொல்றேன்யா" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.